புருவத்தில் இருந்த விடை

மே 27, திங்கள், 1957

இல்லை, பிடிவாதம் மட்டும் இல்லை. பிடிவாதம் பாதி. மீதி, பார்க்க வேண்டும் என்ற ஆசை. ஒன்றுமே தெரியாத ஒரு தலைக்குள் 'ஐந்து' எப்படி நுழைகிறது? பட்டணத்தில் தத்துவம் படித்தபோது பிடிபடாதது இந்த உப்பளத்துக் குவார்ட்டர்ஸில், கடுகு வெடிக்கும் நேரத்தில், பிடிபட்டுவிடும் போல் இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டிலேயே நான் சொல்லிக்கொடுப்பதற்கு வீட்டுக்காரரிடம் இப்படிக் காரணம் சொல்ல முடியவில்லை. "ஒனக்குப் பிடிவாதம் கமலா" என்றார். தலையாட்டினேன்.

காலையிலிருந்தே மேற்கிலிருந்து கச்சான் காற்று. கூடம் முழுக்க மணல். பெருக்கினேன். மறுபடியும் மணல். மணலோடு பாடம்.

இன்றைய வருகை: வள்ளி, எட்டு வயது, முழு நேரம். சேது, ஆறு, பாதி நேரம். மீதிப் பாதி மேசைக்கு அடியில். பாப்பா, மூன்று, பலப்பத்தைத் தின்றாள். சிலேட்டையும் நக்கிப் பார்த்தாள்.

கணக்கில் சிக்கல். ரூபாய்க்குப் பதினாறு அணா என்று போன வருஷம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தாயிற்று. இப்போது நூறு நயா பைசா.

"யாரும்மா மாத்துனது?"

"சர்க்கார்."

"அப்ப வாய்ப்பாட்டையும் மாத்துவாகளா?"

நல்ல கேள்வி. பால் பொங்கிவிட்டது. இறக்கப் போனேன்.

உப்பு வாருகிற பெண்கள் கிணற்றடியில் பேசிக்கொண்டது, ஜன்னல் வழியாக:

"ஆபீசரம்மா வீட்ல தெனமும் ஒரே கத்தலா இருக்கே, சண்டையா?"

"சண்டையில்ல, படிப்பு. புள்ளைகளுக்கு லீவே கெடையாதாம்."

"அடப் பாவமே. பள்ளிக்கூடம் போனாலாச்சும் ஞாயித்துக்கெழம உண்டு."

மே 28, செவ்வாய்

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், பலப்பம் ஒரு டப்பா, சேதுவின் காலுக்குக் களிம்பு, நூல்.

படம் வரையும் நாள். வீட்டை வரையச் சொன்னேன். பிறகு வீட்டைச் சுற்றி இருப்பதை. வள்ளி வாசலைப் பார்த்து உட்கார்ந்து வரைந்தாள். நம் வாசல் கடலைப் பார்த்தது. ஆகவே சிலேட்டின் மேல்பக்கம் கடல். நடுவில் வீடு, பாத்திகள், வெள்ளை உப்புக் குவியல்கள். கீழே பனைமரங்கள், அதற்கும் கீழே சாயல்குடி. அடி ஓரத்தில், இடமில்லாமல் நசுங்கி, மதுரை.

கடல் தெற்கு. வடக்கைத்தான் மேலே போடுவது வழக்கம். சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். வடக்கு மேலே என்று யார் வைத்தது? அவள் பார்ப்பது அவளுக்கு முன்னால் இருக்கிறது, முன்னால் இருப்பது மேலே போகிறது. தப்பு எங்கே? இப்படியே எல்லாப் படங்களையும் வரைந்துவருகிறாள் என்று நினைக்கிறேன். நான் சொல்லிக் கொடுக்காமலேயே வந்த ஒரு விஷயம். தொடாமல் விட்டுப் பார்க்கலாம்.

அல்லது எனக்குச் சோம்பல். அதையும் எழுதி வைக்கிறேன்.

சேது மேசைக்கு அடியிலிருந்து: "அவ மதுரைய மிதிச்சுட்டா."

மே 30, வியாழன்

வெயில், கண் கூசும் வெள்ளை. ஆபீஸ் வேலையாக ராம்நாடு போயிருந்தவர் சாயங்காலம் வந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா கேக்குது. அது வீட்டுத் தெருவுலயே பொம்பளப் புள்ளைக பள்ளிக்கூடம். வள்ளிய அனுப்பு, எம் பொறுப்புங்குது. இங்கன உப்புல காஞ்சு என்ன செய்யப் போறா?"

"படிக்கிறா."

"நீ சொல்ற. வேற யாரு சொல்றா?"

உண்மையிலேயே வேறு யாரும் சொன்னதில்லை.

கடைசியில் ஒரு ஏற்பாடு. அவருடைய சிநேகிதர் காதர் சார், சாயல்குடியில் வாத்தியார், சனிக்கிழமை வந்து வள்ளியைப் பரீட்சித்துப் பார்ப்பார். நாலாம் வகுப்புக்குத் தேறுவாள் என்று அவர் சொன்னால் இன்னும் ஒரு வருஷம் என் இஷ்டம். இல்லையென்றால் நாத்தனார் வீடு, ராம்நாடு, விடுமுறைக்கு விடுமுறை மகள்.

சரி என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். பிறகு ரசத்தில் உப்புப் போட மறந்தேன். உப்பளத்து வீட்டில்.

வள்ளி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். படுக்கும்போது:

"அத்தை வீட்ல இருந்து கடல் தெரியுமா?"

"தெரியாது."

பாயில் எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப எதப் பாத்து உக்காருவாக?"

மே 31, வெள்ளி

என் கொள்கைகளை நானே காற்றில் பறக்கவிட்ட நாள். மனப்பாடம் கூடாது என்று இரண்டு வருஷமாகச் சொல்லிவந்தவள், காலையிலிருந்து வாய்ப்பாடு. வேடிக்கை, கதை, கிளிஞ்சல் எண்ணுவது எதுவும் இல்லை. தோசை சுட்டுக்கொண்டே கேட்டேன், துணி பிழிந்துகொண்டே கேட்டேன். வள்ளி என் கூடவே நடந்தாள், எதிரில் வந்து வந்து நின்றாள்.

ஆறேழு? நாற்பத்திரண்டு. ஒன்பதெட்டு? எழுபத்திரண்டு. ஏழெட்டு? ஐம்பத்தாறு.

ஒன்றுகூடத் தப்பவில்லை. கொஞ்சம் இழுத்து, பாதி சொல்லி, பிறகு பளிச்சென்று முடிக்கிறாள். ஒரு மூளை தேடிக் கண்டுபிடிக்கும் கணத்தைப் பார்ப்பது போல. அந்தக் கணத்துக்காகத்தான் இத்தனையும் என்று தோன்றியது. வெகு நாளுக்குப் பிறகு என்மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்பு.

பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. பலப்பம்தான் காரணம்.

ஜூன் 1, சனி

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து வந்தார் காதர் சார். புருவமெல்லாம் மணல். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும், ஏர்வாடிக்காரர். வந்ததும் வராததுமாகச் சேதுவிடம், "ஏலே, நீயும் பரீட்சைக்கா?" சேது மேசைக்கு அடியில் போய்விட்டான்.

என்னைத் தங்கச்சி என்கிறார். வள்ளியை ஸ்டூலில் உட்காரவைத்து, எதிரில் அவர் நாற்காலி, பக்கத்தில் இவர். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன்.

வாசிப்பு: தடங்கல் இல்லை. செய்யுள் ஒன்று: அர்த்தத்தோடு சொன்னாள். கணக்கு: கேள்வி, ஒரு இழுப்பு, விடை. கேள்வி, இழுப்பு, விடை. காதர் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு, "இந்தியாவ வரஞ்சு காட்டு புள்ள."

குனிந்து வரைந்தாள். வெகுநேரம், நாக்கைக் கடித்துக்கொண்டு. தந்தாள். மேலே கூராகக் கன்னியாகுமரி, அதையொட்டி முத்துப்போல் இலங்கை. கீழே, அடித்தளம் போட்ட மாதிரி, இமயமலை.

எனக்கு வியர்த்தது. இவர் என்னைப் பார்த்தார்.

"என்ன புள்ள, இமயமலை கீழ விழுந்து கெடக்கு?"

"சார், நீங்க அந்தப் பக்கம் உக்காந்திருக்கீக. இங்கிட்டு வந்து வாசலப் பாத்து உக்காருங்க."

எழுந்து வந்தார், சத்தியமாக. அவள் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிலேட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.

"மாஷா அல்லா. சரியாத்தான இருக்கு." சிரித்தார். "ஆனா ஒண்ணு, பரீட்சைப் பேப்பரு ஒங்க வாசலப் பாத்து உக்காராதும்மா."

"நம்மதான் திருப்பிக்கிறணும்" என்றாள் வள்ளி.

இவரே சிரித்துவிட்டார். முடிந்தது, தேறிவிட்டாள் என்று நினைத்தேன். காதர் சார் சும்மா ஒரு வார்த்தைக்கு, "அதென்ன புள்ள, கணக்குக் கேட்டா மட்டும் ஒங்கம்மாவப் பாக்குற?" என்றார்.

மேசைக்கு அடியிலிருந்து சேது: "அம்மா புருவத்தப் பாத்துத்தான் சார் சொல்லுவா. சரின்னா மேல போகும். நானும் அப்பிடித்தான்."

எல்லாரும் சிரித்தோம். நானும். சிரித்துக்கொண்டே காப்பி போட உள்ளே போனேன். அடுப்பை ஊதும்போது காதில் விழுந்தது:

"ஏழெட்டு?"

காற்று. பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும் சத்தம். வள்ளியின் சத்தம் இல்லை.

"சொல்லு புள்ள. ஏழெட்டு?"

"அம்மா வரட்டும்."

காப்பியோடு நான் போனபோது அவர் பேச்சை மாற்றிவிட்டிருந்தார். இவர் வெற்றிலைப் பெட்டியை எடுக்க உள்ளே போயிருந்ததால் அந்த இடத்தைக் கேட்கவில்லை. கிளம்பும்போது காதர் சார் இவரிடம் சொன்னார்: "நாலாவதுக்குத் தாராளமாத் தேறுவா. புத்திக்குக் குறைச்சலே இல்ல." என்னிடம் தம்ளரைக் கொடுக்கும்போது மட்டும், மெதுவாக: "காப்பி நல்லாருந்துச்சு தங்கச்சி. போடப் போகாமயே இருந்திருக்கலாம்."

சைக்கிள் போனபிறகு இவர்: "சரி, நீ ஜெயிச்சுட்ட. இன்னும் ஒரு வருசம். அக்காட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஜெயித்தேன். மிளகாய் கிள்ளிய கையோடு கண்ணைத் தொட்டுவிட்டேன். எரிச்சல்.

ஜூன் 2, ஞாயிறு

காற்று விழுந்துவிட்டது. கடல் தகடு மாதிரி.

உப்பு வாரும் பெண்கள் சொன்னது போல இந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இவர் அளத்துக்குப் போனதும் வள்ளியை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். நான் செய்தது இது. அப்படியே எழுதுகிறேன்.

முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். ஏழெட்டு?

"அம்பத்தாறு."

நான் அசையவில்லை. அவள் கண் என் நெற்றியில் ஊர்ந்தது.

"இல்ல... அம்பத்தெட்டு."

அசையவில்லை.

"அம்பத்தி நாலு?"

புருவத்தை ஒரு மயிரிழை உயர்த்தினேன்.

"அம்பத்தி நாலு! அம்பத்தி நாலு" என்று குதித்தாள். அத்தனை சந்தோஷம். முதலில் சொன்ன சரியான விடை எங்கே போயிற்று? அது அவள் கையில்தான் இருந்தது. நான் பிடுங்கினேன், கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நான் ரசித்தேனே, பாதி சொல்லி, இழுத்து, பளிச்சென்று முடிப்பது. தேடிக்கொண்டிருந்தது உண்மை. வாய்ப்பாட்டில் அல்ல, என் முகத்தில். இரண்டு வருஷமாக நான் அவளைக் கவனித்தேன் என்று நினைத்திருக்கிறேன். அவள் என்னைக் கவனித்திருக்கிறாள், என்னைவிட நன்றாக. இது ஒரு கண்டுபிடிப்புத்தான்.

என் முகத்தைப் பார்க்காமல் அவள் செய்தது ஒன்றே ஒன்று, அந்தப் படம். குனிந்திருந்ததால்.

"வள்ளி, ஐம்பத்தி நாலு தப்பு. நான் வேணும்னே புருவத்தை உயர்த்தினேன்."

"ஏன்?"

"பார்க்கிறதுக்கு."

"பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

எழுந்து போய் வாசலில் உட்கார்ந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. நான் புளியைக் கரைத்தேன். பாப்பா அவள் மடியில் ஏறி, இறங்கி, ஏறினாள்.

மதியம் இவரிடம் சொன்னேன்: வள்ளி பள்ளிக்கூடம் போகட்டும்.

சாதத்தைப் பிசைந்த கை நின்றது. "நேத்துத்தான ஜெயிச்ச?"

"ராம்நாட்டுக்கு இல்ல. சாயல்குடிக்கு. காதர் சார் பள்ளிக்கூடம். தினமும் போய் சாயங்காலம் வரணும்."

"எதுல போவா?"

"காலையில போற உப்பு லாரியில. முன்னால டிரைவர் பக்கத்துல."

"லாரியிலயா? எம் மகளா? ஆபீஸ்ல என்னைய என்னன்னு நினைப்பாக?"

"உப்பு ஆபீசர் மக உப்போட போறான்னு நினைப்பாங்க."

முறைத்தார். பிறகு மோர் கேட்டார். மோர் கேட்டால் பாதி சம்மதம். ஏன் இந்த மாற்றம் என்று கேட்டார். புருவத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில், "எல்லாப் புள்ளையும் ஆத்தா மொகத்தத்தான் பாக்கும், அதுக்காகவா?" என்றார். இருக்கலாம். ஆனால் எல்லா அம்மாவும் அதற்குப் படிப்பு என்று பெயர் வைப்பதில்லை.

பொழுது சாயும்போது வள்ளியே பக்கத்தில் வந்தாள். கோபம் முழுதாகப் போகவில்லை.

"பள்ளிக்கூடத்துல வாத்தியார் மொகத்தப் பாக்கலாமா?"

"பார்க்கலாம். ஆனா நாற்பது பேர் பார்ப்பீங்க. அவருக்கு ஒரு முகம்தான்."

"பத்தாது" என்றாள்.

"பத்தாது."

"அப்ப எப்பிடிச் சொல்றது?"

தெரியவில்லை என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். உண்மையிலேயே எனக்குத் தெரியாது என்பது அதில் இருந்திருக்க வேண்டும். முதல் தடவையாக அவளிடம் பயம் பார்த்தேன். கூடவே வேறு ஏதோ ஒன்று. பசி மாதிரி.

ஜூன் 3, திங்கள்

பள்ளிக்கூடம் திறக்கும் நாள். மேகமூட்டம், மழை இல்லை.

எழுந்தது இருட்டோடு. தூக்குச்சட்டியில் புளிச்சோறு, துவையல். பாவாடையின் ஓரம் பிரிந்திருந்தது, நின்றபடியே தைத்தேன். சேது அழுதான், அவனுக்கும் தூக்குச்சட்டி வேண்டுமாம். பாப்பா அவனைப் பார்த்து அழுதாள். இவர் சீக்கிரமே ஆபீஸ் போய்விட்டார். பார்க்கப் பிடிக்கவில்லை போலும். ஆனால் லாரி வாசல்வரைக்கும் வந்தது. அவர் சொல்லாமல் வந்திருக்காது.

டிரைவர் முனியாண்டி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "ஏத்தா, ஏறு. முன்னாலயே உக்காரு. மூட்ட மேல உக்காந்து வேர்த்துத் தொலச்ச, உப்பு கரைஞ்சு ஒங்கய்யா என்னையத்தான் கேப்பாரு."

வள்ளி சிரிக்கவில்லை. ஏறினாள். ஜன்னலில் முகம். என்னைத்தான் பார்த்தாள். சரியா, தப்பா என்று கேட்கிற அதே பார்வை. என் புருவம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. இனி எப்போதும் தெரியாது. லாரி திரும்பியது. பனைகளுக்குள் போகும்வரை புழுதி. பிறகு சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

கூடத்தில் மணல் இல்லை இன்று. ஸ்டூல் காலி. சேது தானாகவே மேசைக்கு அடியிலிருந்து வந்து அதில் ஏறி உட்கார்ந்தான், சிலேட்டோடு. எனக்கு எதிரில், முகத்தை நிமிர்த்தி, தயாராக.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

"நாலும் மூணும்?"

"அம்மா, இங்கிட்டுத் திரும்புங்க."

"நாலும் மூணும், சேது."

ஸ்டூலின் கால் ஆடுகிற சத்தம். பிறகு விரல்கள், ஒவ்வொன்றாக, சிலேட்டில் தட்டுகிற சத்தம்.

"எட்டு" என்றான்.

திரும்பவில்லை. "இன்னொரு தடவை எண்ணு" என்றேன். சுவரோரமாகவே நடந்து அடுப்படிக்குப் போய், உலையில் அரிசி போட்டேன்.