எந்த ஊர்ப் பாட்டு?

இன்று காலை என் பேத்தியின் போனிலிருந்து ஒரு குரல் வந்தது. பாட்டு இல்லை, பேச்சு. ஆனால் தாளத்தைவிட்டு ஓரடிகூட விலகாத பேச்சு. வாசலில் காயப்போட்டிருந்த நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

லண்டன் பெண் ஒருத்தி சொன்ன ராப் என்றாள் பேத்தி. விடுமுறைக்கு வந்திருந்த அவள் அத்தை மகள் உதட்டைப் பிதுக்கினாள். "ஹிப் ஹாப்னா அமெரிக்காதான்டி. லண்டன்காரங்க பண்றதெல்லாம் டூப்பு. அவங்க மாதிரியே தொப்பி போட்டுட்டா ஆச்சா?" அரை மணி நேரம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "அப்பாரு, உங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது" என்று சிரித்தார்கள். நான் மறுபடி நெல்லைத் தள்ளப் போனேன்.

பழைய சிநேகிதா, நீ இறந்து போய் நாற்பது நாளாகிறது. இருந்திருந்தால் உடனே கூப்பிட்டு, "ஏப்பா, நம்ம என்ஜினியர் ஊட்டுச் சண்டை இன்னும் முடியலையாமா" என்று சொல்லியிருப்பேன். சொல்ல ஆளில்லாமல் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. கேரள எல்லையைத் தாண்டியதும் வரும் கஞ்சிக்கோட்டில் பம்புசெட்டுக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறையில் நான் கடைசல் இயந்திரத்தில் நின்றேன், நீ மின்சார வேலை பார்த்தாய். அதே பக்கத்தில் நல்லேப்பிள்ளியில் எங்களுக்கு நெல்வயல் இருந்தாலும், மூன்று அண்ணன்மாருக்குக் கீழே நான்காவதாகப் பிறந்தவனுக்கு அங்கே வரப்பில் நிற்கத்தான் இடம். நீ மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவன். பட்டறைக்குப் பின்னால் தகரம் வேய்ந்த ஓர் அறையில் இருவரும் இருந்தோம். என் பேச்சின் 'ங்க'வை நீயும், உன் பேச்சின் 'வந்தாக, போனாக'வை நானும் கேலி செய்தபடியே நண்பர்களானோம்.

உனக்கு ஒரு பழக்கம் இருந்தது. வேலை செய்யும்போது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாய். ஸ்பானரால் எதையாவது தட்டிக்கொண்டு, ராகமில்லாமல், மூச்சு வாங்காமல், அடுக்கடுக்காக. என்னவென்று கேட்டால், "அம்மா கொழுந்து நிறுக்கிற எடத்துல வரிசையில நிக்கும்போது சொல்லும். காலு கடுக்காம இருக்கணும்ல" என்பாய். பாட்டு என்று நீ அதைச் சொன்னதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ஜினியர் வீட்டில் இசைத்தட்டுப் பெட்டி ஓடவில்லையென்று உன்னைக் கூப்பிட்டார். நானும் கூட வந்தேன். மதராஸ்காரர், லண்டனில் இரண்டு வருடம் படித்தவர், நல்ல மனிதர். நீ சரி செய்ததும் சோதித்துப் பார்க்க இரண்டு தட்டுகளைப் போட்டார். முதல் தட்டு அமெரிக்காவில் வந்தது. முரசு மட்டும் அதிர, அட்டைப்படத்திலிருந்த கறுப்பு மனிதர்கள் பாடாமல் பேசினார்கள். இரண்டாவது லண்டனில் வந்தது. அதிலும் பேச்சுதான், ஆனால் ஆங்கிலமே வளைந்து நெளிந்து வேறொன்றாகக் கேட்டது. ராப், ஹிப் ஹாப் என்ற சொற்களெல்லாம் நம் காதுக்கு வராத காலம்.

"முதல்ல கேட்டதுதான் ஒரிஜினல். இது காப்பி. லண்டன்ல இருக்கறவனுக்கு இதுல என்ன உரிமை?" என்றார் என்ஜினியர்.

நீ இரண்டாவதை மறுபடி போடச் சொன்னாய். என்ன சொல்கிறான் என்று கேட்டாய். அவர் கேட்டுக் கேட்டுச் சொன்னார். அவன் அப்பனையும் அம்மாவையும் ஏதோ தீவிலிருந்து வேலைக்கென்று கூப்பிட்டுக் கப்பலில் ஏற்றி வந்தார்களாம். இவன் லண்டனிலேயே வளர்ந்தவன். தெருவில் நடந்தால் போலீஸ் நிறுத்தி, எந்த ஊர்க்காரன், எதற்கு வந்தாய் என்று கேட்கிறதாம்.

நீ தட்டு சுற்றுவதைப் பார்த்தபடியே சொன்னாய்: "அடி வாங்குனது இவன் முதுகுன்னா, கத்துற கத்து மட்டும் எப்பிடி சார் காப்பியாகும்?"

"அதெல்லாம் சரிப்பா. அசல்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கட்டும் சார். மொதல்ல எவன் வாயத் தொறந்தானோ அவனுக்கு ஒரு கும்பிடு. ஆனா ரெண்டாவது ஆளுக்கு வலிக்கலைன்னு சொல்லாதீக."

அன்று திரும்பி நடக்கும்போது நீ முணுமுணுக்கவில்லை, சத்தமாகவே சொன்னாய். தோட்டத்து முதலாளியைப் பார்த்துச் சொல்வது போல, லாரிச் சத்தத்துக்கு மேலே உன் குரல் கேட்டது.

*மலையும் ஒன்னுது மழையும் ஒன்னுது
மணியடிச்சா எந்திரிக்கிற பொழுதும் ஒன்னுது
கதவும் ஒன்னுது கூரையும் ஒன்னுது
கூரைக்குள்ள ஒழுகுற தண்ணி மட்டும் என்னுது*

லண்டன்காரனைக் கேட்டிருக்காவிட்டால் உன் அம்மா சொன்னதை மேடையில் சொல்லலாம் என்று உனக்குத் தோன்றியிருக்காது. அதனால் அது அவனைப் பார்த்துச் செய்தது என்றாகிவிடுமா? இன்றுவரை எனக்கு விடை தெரியாத கேள்வி இது. எனக்குத் தெரிந்தது, அன்று உன் முகம் இருந்த விதம். சொந்த வீட்டில் இத்தனை நாள் ஓர் அறை பூட்டிக் கிடந்ததை இப்போதுதான் கண்டுபிடித்தவன் போல இருந்தாய்.

அந்தச் சமயத்தில்தான் கோவையில் ஒரு மன்றம் நாட்டுப்புறக் கலைப் போட்டி நடத்துவதாக ஓர் அறிவிப்புத் தாள் கைக்கு வந்தது. தேறுபவர்களைக் கலைக்குழுவில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வார்கள், தங்க வீடும் கொடுப்பார்கள். வீடு என்ற சொல்லைப் படித்ததும் நீ அறிவிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய். உன் அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அடுத்த வருடம் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வேலை இருக்கும்வரைதான் வீடு. நிறுத்திய பிறகும் அங்கே இருக்க வேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஒருவர் தோட்ட வேலையில் பெயர் பதிய வேண்டும். உனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை.

"ஒண்ணு அம்மா எறங்கி வரணும், இல்ல நான் ஏறிப் போகணும். ஏறிப் போனா அவ்வளவுதான் மாப்ள" என்றாய்.

மூன்று வாரம் பழகினோம். நீ சொல்வாய், நான் காலி எண்ணெய் டின்னில் தாளம் போடுவேன். போட்டியன்று பேருந்து எல்லையில் வாளையார் செக்போஸ்ட்டில் நின்றபோது, காக்கிச் சட்டைக்காரர் டின்னைப் பார்த்துவிட்டு, "எவிடயா? பாண்டியா?" என்று, தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் சொல்லால் கேட்டார். கோவையில் இறங்கி வழி கேட்டோம். அங்கிருந்த கடைக்காரர், "மலையாளத்தானுங்களா?" என்றார். இரண்டுக்கும் நீ சிரித்தாய்.

போட்டி ஒரு மில் மண்டபத்தில் நடந்தது. நமக்கு முன்னால் பட்டுப்பாவாடை கட்டிய பெண்கள் கும்மியடித்துப் போனார்கள். பிறகு நாம் ஏறினோம். நீ வாயைத் திறந்ததும் பின்வரிசையில் நின்றிருந்த மில் தொழிலாளிகள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். அதை நான் பார்த்தேன். ஆனால் முன்வரிசையில் மூன்று நடுவர்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டிருந்தார்கள்.

"மெட்டே இல்லையே தம்பி? இதுல நாட்டுப்புறம் எங்க இருக்குது? எந்த ஊர்ப் பாட்டு இது?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

நீ வாயைத் திறந்தாய், வார்த்தை வரவில்லை. வெள்ளைச் சட்டைகளையும் விசிறிகளையும் பார்த்தபடி நின்றாய். எனக்குப் பதற்றம். வாய்ப்பு கையைவிட்டுப் போகிறது என்று தோன்றியது. என்ஜினியர் சொன்ன ஒரிஜினல் என்ற சொல் என் மண்டைக்குள் உட்கார்ந்திருந்தது. கனமான ஒரு பெயரைச் சொன்னால் மதிப்பார்கள் என்று நினைத்து நான் முந்திக்கொண்டேன்.

"அமெரிக்காவுல இப்ப இப்படித்தானுங்க பாடறாங்க. ரெக்கார்டு கேட்டு எடுத்ததுங்க."

நடுவர் சிரித்தார். "அப்ப நாங்க ரெக்கார்டையே போட்டுக் கேட்டுக்கறோம். நீங்க எதுக்கு?"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. தொடையில் தாளம் போட்ட தொழிலாளியும் சிரித்தார். "கேரளாவுல இருந்து வந்து, தமிழ்ல, அமெரிக்கா பாட்டு" என்று இன்னொரு நடுவர் சொல்ல, சிரிப்பு மறுபடி எழுந்தது. நீ டின்னை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாய்.

திரும்பும் வழியில் வாளையாரில் லாரிகள் வரிசையாக நின்று, பேருந்து இரண்டு மணி நேரம் நகரவில்லை. நீ ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. இறங்கவும் முடியாமல், உன்னிடம் பேசவும் முடியாமல் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரம் போல் பிறகு எதுவும் எனக்கு நீளமாக இருந்ததில்லை.

அடுத்த மாதம் நீ மலையேறிப் போனாய்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் உன்னைத் தேடி வந்தேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பேருந்து மாறி மாறி, கடைசியில் தோட்டத்து லாரியில் தொற்றி வந்து சேர்ந்தேன். அடுத்த மேடு தெரியாத மழை. மழைக்கு முன்னால் தேயிலைக்கு மருந்தடித்து முடித்து வந்த நீ, கண் சிவந்து, தலையில் சாக்கு போட்டபடி என்னைப் பார்த்து நின்றாய். ஓர் அறை, ஓர் அடுப்படி. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினால் இந்தப் பக்கம் தம்ளர் அதிரும். மூன்று இடத்தில் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடித்திருந்தாய்.

வெளியே தாழ்வாரத்தில் நின்று மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். நீ கையமர்த்தினாய்.

"நீ அமெரிக்கான்னு சொன்னது பெரிசில்ல மாப்ள. நான் ஊமையா நின்னேன்ல, அதான் பெரிசு. எங்கம்மாதுன்னு சொல்ல வாய் வரல. அவுக உடுப்பப் பாத்தேன், எங்கம்மா இடுப்புல கட்டுற படங்குச் சாக்கு நெனப்பு வந்துச்சு. வெக்கப்பட்டுட்டேன்."

"இங்கயே இருந்திருவியாப்பா?"

"இந்த வீட்டுக்கு வாடகை நான்தான். நான் போனா வீடு போகும். எங்க போறது?"

உள்ளே கால் வீங்கிப் படுத்திருந்த உன் அம்மா என் குரல் கேட்டு எழுந்து உட்கார்ந்தார். "வாங்கய்யா. கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போனது நீகதானா? எம் பேச்ச அங்க போயிச் சொன்னீகளாம்ல? என்ன சொன்னாக?"

நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "நல்லாருக்குன்னாகம்மா."

"எந்த ஊருப் பாட்டுன்னு கேட்டாகளா?"

"கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"எங்கம்மா பாட்டுன்னு சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். நீயும் பார்த்தாய். நான் தலையாட்டினேன். "ஆமாங்கம்மா, அப்படித்தான் சொன்னானுங்க" என்றேன். அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் நாம் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து மழையைப் பார்க்க வெளியே வந்தோம். அந்த மழைக்காலத்தை உன் அம்மா தாண்டவில்லை.

பிறகு காலம் போனதை நீயே அறிவாய். உனக்குக் கல்யாணம், பிள்ளை, முப்பது வருடத்துக்கு மேல் அதே மருந்து, அதே வாசல். என் அண்ணன்மார் ஒவ்வொருவராக நிலத்தை விட்டுப் போக, வேண்டாமென்று ஓடிய நான் அதே வரப்புக்குத் திரும்பினேன். எப்போதாவது பேசுவோம், மழையைப் பற்றி, விலையைப் பற்றி. நீ ஒருமுறைகூட அந்த வரிகளைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நமக்குள் அந்தக் கதவை யார் சாத்தினோம் என்று இருவருக்கும் தெரியும்.

உன் காரியத்துக்கு வந்திருந்தேன். உன் மகன் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறான். உன் மருமகள் கூடையோடு மலைக்குப் போகிறாள். அந்த வீட்டுக்கு இப்போது வாடகை அவள். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு உன் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அப்பா சின்ன வயசுல மேடையில பாடுவாராம்ல? அம்மா சொல்லுச்சு. நாங்க ஒருநாளும் கேட்டதில்ல. எந்த ஊருப் பாட்டு அது?"

வெள்ளைச் சட்டைகள் இல்லை, சிரிக்க மண்டபம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மில் மண்டபத்தில் நான் சொன்னதையும், இந்த வீட்டுக்குள் நான் தலையாட்டியதையும். "அது உங்க அப்பத்தா பாட்டு தம்பி. உங்க அப்பனோட பாட்டு" என்றேன்.

"அந்த வரிகளச் சொல்லுங்க" என்றான் அவன்.

சொன்னேன். அத்தனை வேகம் என் மூச்சுக்கு வரவில்லை. உன் ஊர்ச் சொற்கள் என் நாக்கில் நல்லேப்பிள்ளிச் சொற்களாகிவிட்டன. இரண்டு இடத்தில் தாளம் தப்பியது. உன் அம்மா நாளெல்லாம் சொன்னதில் எனக்கு நான்கு வரிதான் தெரியும். மீதியெல்லாம் கேட்டுவைக்காமலே போய்விட்டன.

என்னிடம் இருப்பது நகல்தான், அதுவும் கெட்டுப்போன நகல். உன் மகன் அதை ஒருமுறை, இருமுறை, கண்ணை மூடிக்கொண்டு திரும்பச் சொல்லிப் பார்த்தான். மூன்றாவது முறை என் நாக்கு அதிலிருந்து விலகிப் போய், உன் நாக்கு வந்தது.