கணக்கில் விடுபட்ட இரண்டு மணி நேரம்

அனுப்புநர்:
ஜமால் முகம்மது,
கடிகாரம் பழுதுபார்ப்பவர்,
டன்லப் ஸ்ட்ரீட், சிராங்கூன் ரோடு அருகில்,
சிங்கப்பூர்.

பெறுநர்:
விமான நிலைய மேலதிகாரி அவர்கள்,
பாய லேபார், சிங்கப்பூர்.

பொருள்: வரும் வெள்ளிக்கிழமை மெட்ராஸ் விமானத்தில் செல்லும் என் மகளுக்கு இரண்டாவது ஆக்சிஜன் சிலிண்டர் அனுமதிக்க வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் நஃபீசாவுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே இருதயத்தில் ஓட்டை. வேலூரில் ஆபரேஷனுக்கு நாள் கிடைத்திருக்கிறது. கப்பலில் ஒரு வாரம் அவள் தாங்கமாட்டாள், விமானத்திலும் வழி முழுவதும் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு.

2. காலை எட்டரைக்குக் கிளம்பி மதியம் ஒரு மணிக்கு மெட்ராஸ் சேரும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. நாலரை மணி நேரம் என்று டாக்டரிடம் சொன்னவன் நான்தான். என் சொல்லை நம்பி அவர் ஐந்து மணி நேரம் வரக்கூடிய ஒரு சிலிண்டர் எழுதிக் கொடுத்தார். விமானக் கம்பெனியும் அதற்கு மட்டுமே அனுமதி தந்தது.

3. நேற்று, மெட்ராஸ் கப்பலில் வந்து இறங்கிய ஒருவர் கடைக்கு வந்து, "பாய், வாட்ச் ரெண்டு மணி நேரம் ஸ்லோவா ஓடுது, என்னான்னு பாருங்க" என்றார். வருஷத்துக்குப் பத்துப் பேராவது இப்படி வருவார்கள். வாட்சில் ஒரு கோளாறும் இருக்காது. அது மெட்ராஸ் நேரம் காட்டும், அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே முள்ளைத் திருப்பிக் கொடுப்பேன். நேற்று திருப்பும்போது கை அப்படியே நின்றுவிட்டது. டிக்கெட்டில் உள்ள ஒரு மணி, மெட்ராஸ் மணி. இங்கே அப்போது மூன்று. இருபது வருஷமாக இதே தொழில் செய்கிறேன், எனக்கு இது தோன்றவில்லையே ஐயா!

4. கம்பெனி அலுவலகத்துக்கு ஓடினேன். சுவரில் இருந்த விமானப் பாதைப் படத்தில் மெட்ராஸுக்குத் தூரம் ஆயிரத்து எண்ணூறு மைல் என்று போட்டிருந்தது. விமானம் மணிக்கு இருநூற்று எண்பது மைல் போகும் என்றார்கள். அங்கேயே வகுத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஆறரை மணி நேரம். சிலிண்டர் தீர்ந்தபின் ஒன்றரை மணி நேரம் பாக்கி, கீழே கடல்தான். குமாஸ்தா, "டைம்டேபிள் கரெக்ட்தான் லா, ரெண்டாவது சிலிண்டர் வேணும்னா ஏர்போர்ட்ல ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

5. எனக்குப் பயமாக இருக்கிறது. மாடிப்படி ஏறினாலே அவள் உதடு நீலமாகிவிடும். எத்தனை நிமிஷத்தில் ஆகும் என்றுகூட வாட்ச் வைத்துப் பார்த்தவன் நான். எங்கள் இருவரோடும் கூட வரும் என் மனைவி ஆமினா பீவியிடம் சிலிண்டர் போதாது என்பதை இன்னும் சொல்லவில்லை.

6. டாக்டர் இன்று புதிய சீட்டு கொடுத்துவிட்டார். சிலிண்டரும் தயார். தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் உத்தரவிட வேண்டுகிறேன். எடை கூடும், இடமில்லை என்றால் என் டிக்கெட்டை ரத்து செய்து, என் இடத்தில் அதை வைத்து அனுப்புங்கள். சிலிண்டரைத் திறக்கவும் மாற்றவும் அவள் தாய்க்குப் பழக்கிவிடுகிறேன். நான் அடுத்த கப்பலில் போய்ச் சேர்வதற்குள் ஆபரேஷன் முடிந்திருக்கும். பரவாயில்லை. பிள்ளை மூச்சோடு போய் இறங்கினால் போதும்.

உத்தரவு கிடைக்கும்வரை தங்கள் அலுவலக வாசலில்தான் இருப்பேன்.

இடம்: சிங்கப்பூர்
நாள்: 17-10-1962

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
ஜமால் முகம்மது

இணைப்பு: டாக்டரின் புதிய சீட்டு. என்னுடைய விமான டிக்கெட்.