நான் ஓட்டிய நாற்காலி

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். என் முழங்காலைக் கேட்டால் அது வேறு மாதிரி சொல்லும், அதைக் கேட்க வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்ற நினைப்பிலேயே எழுதுகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதிக் கதையில் உன் அம்மா போனைப் பிடுங்கி மீதியை அவளே சொல்லிவிடுகிறாள், அதில் நான் கோமாளியாக வருகிறேன். கடிதத்தில் என்றால் நானே கோமாளியாக வந்துகொள்ளலாம், அதில் ஒரு மரியாதை இருக்கிறது.

போன முறை பேசும்போது நீ கேட்ட கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. "வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கப்பா, நாளைக்கு நீங்க தரையில விழுந்தா யாரு தூக்குவா" என்றாய். நானே எழுந்துப்பேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். நீயா விடுகிற ஆள், "சரி, கீழ உட்கார்ந்து எதையும் பிடிக்காம எழுந்து காட்டுங்க, அப்புறம் நான் கூப்பிடவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டாய். போனை வைத்த கையோடு கூடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்வது சுலபமாகத்தான் இருந்தது. எழுந்திருக்கத்தான் வழி தெரியவில்லை. கடைசியில் தவழ்ந்துபோய்க் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க தேடுறீங்க" என்று கேட்டாள். பேனா என்றேன். பேனா என் சட்டைப் பையில் இருந்தது. அதை அவளும் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அவள் கொஞ்ச நாளாக நூலகத்து மாடியில் வயதானவர்களுக்கான உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறாள் என்று உனக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையைக் காலை அசைப்பது. அதைக் கிண்டல் செய்தவன் நான், அந்த வாரம் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். உள்ளே நடுவில் வழி விட்டு இரண்டிரண்டாக நாற்காலிகள், எல்லாவற்றுக்கும் முன்னால் தனியாக ஒரு நாற்காலி. எத்தனை வருஷம் பஸ் ஓட்டினவன், யோசிக்கவே இல்லை பாப்பா. அந்த ஒற்றை நாற்காலி எல்லோரையும் பார்த்தபடி போட்டிருந்தது, அதைச் சரியாகத் திருப்பிப் போட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு மேலே கண்ணாடியைக்கூடத் தேடினேன், மின்விசிறிதான் இருந்தது. டீச்சர் வந்தாள், உன் வயசுதான் இருக்கும், ரொம்பப் பணிவாக, "சார், அது என் சீட்டு" என்றாள். பின்னால் யாரோ, "பரவாயில்லம்மா, அவரே வண்டியை எடுக்கட்டும், நாங்க டிக்கெட் வாங்கிட்டோம்" என்றார்கள். உன் அம்மா என்னைத் தெரியாதவள் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. எனக்கு முதல் வரிசையில் இடம் கொடுத்தார்கள். டீச்சர் "மெதுவா முன்னால குனிங்க" என்றதும் பக்கத்தில் இருப்பவர்களெல்லாம் ஒரே சமயத்தில் முன்னால் சாய்ந்தார்கள். ஒரு பஸ்ஸில் எல்லோரும் ஒரே சமயத்தில் முன்னால் சாய்ந்தால் என்ன அர்த்தம் என்று என் வலது காலுக்குத் தெரியும். அது என்னைக் கேட்காமல் தரையை ஓங்கி மிதித்தது, நாற்காலி பின்னால் வழுக்கி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மாவின் காலில் இடித்தது. அந்த அம்மா, "டிரைவர் சார், பின்னால ஆள் இருக்கு, ஸ்டாப்பிங் வந்தா சொல்லிட்டு நிறுத்துங்க" என்றார். அன்றிலிருந்து வகுப்பில் எனக்குப் பெயர் சடன் பிரேக். அவமானத்தில் அந்த வலது காலை நாற்காலிக்கு அடியில் மடக்கியே வைத்துக்கொண்டு, எல்லாப் பயிற்சியையும் இடது காலை வைத்துச் சமாளித்து வந்தேன்.

கீழ்த்தளத்தில் படம் வரையும் வகுப்பும் உண்டு, உன் அம்மா அதிலும் என்னைச் சேர்த்துவிட்டாள். மனசுக்கு வருவதை வரையச் சொன்னார்கள். மற்றவர்களெல்லாம் பூ வரைய, நான் ஒரு லாரியின் பின்பக்கத்தை வரைந்தேன். விளக்கு, சங்கிலி, சேற்றுத்தகடு, ஒன்றும் விடவில்லை. பூவே வரலையா என்று சொல்லிக்கொடுப்பவர் கேட்டார். ரோட்டோரத்தில் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை என்றேன். அவர் சிரித்தார், நான் உண்மையைத்தான் சொன்னேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் டீச்சர் தரையில் பாய் விரித்து, விழுந்தால் எழுந்திருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். ஒருக்களித்துப் படுத்து, கை ஊன்றி, முட்டி போட்டு, ஒரு காலை முன்னால் வைத்து அழுத்தி எழ வேண்டும். நான் உன் பந்தயத்தை நினைத்துக்கொண்டு இறங்கினேன். முட்டி போடும்வரை வந்துவிட்டேன், அதற்கு மேல் நகரவில்லை. இரண்டு தடவை முயன்று இரண்டு தடவையும் பொத்தென்று உட்கார்ந்தேன். வீட்டுச் சாவி கைவிட்டுப் போனது போலத்தான் இருந்தது. அப்போது நர்ஸம்மா, "சார், நீங்க ஊன்றது கிளட்ச் காலு, அது எப்படித் தூக்கும், பிரேக் காலை வைங்க" என்றார். மடக்கி ஒளித்து வைத்திருந்த காலை முன்னால் வைத்தேன். வைத்த நொடியில் அந்த அம்மா, "குறுக்க ஆளு, குறுக்க ஆளு" என்று கத்தினார். கால் மிதித்தது பாப்பா. நான் நின்றுகொண்டிருந்தேன். எதையும் பிடிக்கவில்லை, சாட்சிக்கு ஒரு வகுப்பே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கூடத்தில் இன்னொரு தடவை உட்கார்ந்து எழுந்து காட்டிவிட்டு, இனி வீட்டைப் பூட்ட வேண்டாம், உன் பொண்ணு வாயைத் திறக்க முடியாது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "அவ தரையைப் பத்தியா கேட்டா" என்றாள். "சின்ன வயசுலேர்ந்தே அவளுக்கு வேணும்னு கேட்கத் தெரியாது. பசிச்சாக்கூட சொல்ல மாட்டா, நீ சாப்ட்டியாம்மான்னு என்னைக் கேப்பா. உங்களைப் பார்க்கணும் போல இருக்குப்பான்னு சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு தரை, விழறதுன்னு பேசுறா. நீங்க என்னடான்னா பரீட்சை எழுதி பாஸாயிட்டு வந்து நிக்கிறீங்க" என்றாள். நான் திரும்பவும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை எழுந்திருக்க அவசரம் இருக்கவில்லை.

அதனால் பாப்பா, பந்தயத்தில் ஜெயித்தவன் நான்தான், அதை நீ ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். விழுவோம் என்பதற்காக நாங்கள் வரப்போவதில்லை, வீட்டையும் விடப்போவதில்லை. ஆனால் விடுமுறைக்கு இரண்டு மாதம் வகுப்பை மூடுகிறார்கள். அந்த இரண்டு மாதமும், உனக்கும் எங்களுக்கும் ஒரு சாக்கும் தேவையில்லாமல், உன்னோடு வந்து இருக்கிறோம். நீ "சாப்ட்டீங்களா" என்று கேட்டால் முதலில் உனக்குத்தான் தட்டு வைப்பதாக உன் அம்மா சொல்லச் சொன்னாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலை முடிந்து வண்டி ஓட்டி வரும்போது கண் அசந்தால் ஓரம் கட்டிவிடு, வீடு எங்கேயும் ஓடிப்போகாது. நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழ எங்கள் இருவரின் ஆசிகள். ஒன்றை மறந்துவிடாதே, விமான நிலையத்துக்கு நீ கார் எடுத்து வரும்போது முன் சீட்டை உன் அம்மாவுக்குக் கொடு. நீ ஓட்டுவதை நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். முடிந்தால் ரோட்டோரப் பூவையும் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வலது காலை மடக்கி வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்கும்
உன் அப்பா