நெட் படிக்காமல் விட்ட வரி

நார்ஃபோக்

அன்புள்ள ஹெட்டி,

கோணல் எழுத்துக்கு மன்னித்துவிடு. இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்று, முதன்முதலாக என் கையாலேயே எழுதுகிறேன்! உடம்பு எப்படி இருக்கிறது?

புதுப்பித்த நீர்ச்சக்கர மாவு ஆலையைப் பார்க்க ஞாயிறன்று நல்ல கூட்டம். மாவு அரைத்துக்கொண்டே உன் கடிதத்தை நானே படித்தேன்; கூட வேலை செய்யும் நெட் ஏற்கெனவே எனக்கு வாசித்துக் காட்டியதுதான். கோதுமை தீர்ந்தால் அடிக்கும் எச்சரிக்கை மணி காதில் விழவில்லை. இடையில் தானியம் இல்லாமல் அரைகற்கள் ஒன்றோடொன்று உரசிப் பொறி பறந்தது.

"யோவ் பெரிசு, காது அடைச்சிருச்சா?" என்று ஓடிவந்தான் நெட்.

"டாக்டர் கைவிரிச்சிட்டார்னு எழுதியிருக்காளே. இதை ஏன்டா அன்னைக்குப் படிக்கல?" என்றேன்.

"உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிய்யா படிப்பேன்?"

உன்னைப் பார்க்க வர விடுப்புக் கேட்டேன்; மாற்று ஆள் வரும்வரை முதலாளி விடமாட்டாராம். படிக்க எழுத்து மங்கலாகத் தெரிகிறது, உன் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. அடுத்த வாரமும் எழுதுவேன். படிக்க நீ இரு.

உன் அண்ணன் வில்ஃப்