பின்கதவும் கறுப்பு ஒயரும்

19-4-1983, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. கொழுந்தன் பசுபதி வந்திருந்தான். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் நடையில் துரை. கோயில் கமிட்டிக்குச் செயலாளரும் அவனேதான். வெள்ளைச் சட்டை போட்டவனுக்கெல்லாம் இங்கே பதவி.

அம்மன் ஊர்வலத்துக்கு எங்கள் பிக்கப் வேண்டுமாம். போன ஐப்பசியில் இவர் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் அம்மா எங்கள் வண்டியில்தான் ஊர்வலம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது அவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எனக்கு உபகாரம் செய்கிறவன் மாதிரி ஒரு பேச்சு.

“பீடம் நீளம் அண்ணி. பின்கதவைக் கழட்டணும். நாலு போல்ட்டுதானே லா, நான் பாத்துக்கறேன்.”

நாலு போல்ட்டாம்! இந்த வண்டியை முன்பு வைத்திருந்த கோலா தெர்லா தோட்டக்காரன் பின்விளக்கு, பிரேக் விளக்கு, சிக்னல் எல்லாவற்றையும் அந்தக் கதவில்தான் பொருத்தியிருக்கிறான். கதவு போனால் விளக்கும் போகும். கண் இருந்தும் பார்க்கவில்லை. மண்டைக்குள்ளே தேயிலைத் தூசி.

22-4-1983, வெள்ளி

விரதம். போலீஸ் அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் பெரிய ரோட்டில் ஏறும் முச்சந்தியில் சார்ஜன் விளக்கைப் பார்ப்பாராம். எரியாவிட்டால் அப்படியே திரும்ப வேண்டுமாம். பாதி வழியில் அம்மா திரும்பினால் என் வேண்டுதல் என்ன ஆவது?

24-4-1983, ஞாயிறு

இவரோடு கியா பார்ம் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதலாளி தவுக்கே சீனர். எங்கள் ஆட்களோடு பழகிப் பழகி அரைத் தமிழ், அரை மலாய். இவர் வெளியே நின்று எவனோடோ முட்டைக்கோஸ் கதை பேசிக்கொண்டிருந்தார். ஆம்பிளைகளின் அக்கறை அவ்வளவுதான். நானே கேட்டுக் கேட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். பிறகு கதவு ஒயர்களைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்ட வேண்டும். போல்ட் கடைசியில்தான், இரண்டு பேர் பிடிக்க வேண்டும். விளக்குகளை ஒரு பலகையில் அடித்து வண்டியின் பின்னால் கட்ட வேண்டும். சிவப்பு ஒயர் பின்விளக்கு. பச்சை பிரேக். மஞ்சள் இரண்டும் சிக்னல். கறுப்பைத் தொட்டுக் காட்டி, “ஈத்தாம், தானா” என்றார். ஈத்தாம் என்றால் கறுப்பு, அது எனக்குத் தெரியும். அதையும் எழுதினேன்: கறுப்பு — தானா.

நான் பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கியவள்தான். ஆனாலும் எழுதி வைத்தால் தப்பு வராது என்ற அறிவு எனக்கு உண்டு. சில கிராணிகளுக்கு இல்லை.

29-4-1983, வெள்ளி

கதவு கழன்றது. எப்படிக் கழன்றது என்பதை நான்தான் சொல்ல வேண்டும். வந்த பசுபதி நேரே போல்ட்டில் ஸ்பானரைப் போட்டான்.

“தம்பி, பேட்டரி.”

“அது எதுக்கு அண்ணி? ஷாக்கா அடிக்கப் போவுது?”

“ஒயரும் ஒயரும் உரசினா பியூஸ் போயிடும். ஆபீஸ்ல இதெல்லாம் சொல்லித் தரலியா?”

முறைத்துக்கொண்டே போய்க் கழற்றினான். கதவைத் தூக்கும்போது தன் பக்கத்தை நழுவவிட்டுக் கால் விரலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். சிரிப்பை அடக்கினேன், விரத நாளாயிற்றே.

பலகையில் விளக்குகளை அடித்தான், என் சீட்டைப் பார்த்து ஒயர்களைச் சேர்த்தான். கடைசியில், “இந்தக் கறுப்பு எங்க போவுது அண்ணி?” என்றான்.

“தானான்னு எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா? அது தானா வேலை செய்யும். விடு.”

“இல்ல, சும்மா தொங்குதே...”

“கிராணிக்கு தவுக்கேயைவிட அதிகமா தெரியுமோ?”

கறுப்பைச் சுருட்டி டேப் ஒட்டினான். பேட்டரியைச் சேர்த்து விளக்கைப் போட்டதும் மங்கலாகச் சிவப்புத் தெரிந்தது. பகல் வெளிச்சம்தானே, போதும் என்றேன். பூ கட்டப் போக வேண்டியிருந்தது.

1-5-1983, ஞாயிறு

எப்படி எழுதுவேன்.

நேற்று ஆறரைக்கு முச்சந்தி. பனி இறங்கிவிட்டது. பீடத்தில் அம்மா, மேளம், பின்னால் அத்தனை ஜனம். சார்ஜன் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். இவர் மிதித்தார். ஒன்றும் எரியவில்லை. சிக்னல் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து துடித்தது. மேளம் நின்றது.

சார்ஜன் குனிந்து டார்ச் அடித்தார். டேப் சுற்றிய கறுப்பை இழுத்துப் பார்த்து, “தானா மனா?” என்றார். மனா என்றால் எங்கே; தானா எங்கே என்றால் எனக்குப் புரியவில்லை. பூட்ஸ் காலால் தரையை மிதித்துக் காட்டினார். “தானா, தானா.”

மண். மலாயில் மண். எர்த் ஒயர்! கதவில் இருந்தபோது வண்டியின் இரும்பே அதற்கு மண், மரப்பலகையில் ஏது? பிறந்ததிலிருந்து தானா ராத்தா, தானா ராத்தா என்று சொல்கிற வாய் இது. தவுக்கே மலாயில் சொன்னதை நான் தமிழாக்கிக்கொண்டேன்.

இவர் கறுப்பை வண்டி இரும்பில் ஒரு போல்ட்டில் முறுக்கினார். எல்லாம் எரிந்தது. அம்மா ரோட்டில் ஏறினாள்.

அதற்குள் கமிட்டித் தலைவர் ஆண்டியப்பன் பிடித்துக்கொண்டார். “ஏண்டா பசுபதி, ஒரு ஒயர் மாட்டத் தெரியல, நீயெல்லாம் கிராணியா? அம்மாவ நடுரோட்டுல நிப்பாட்டிட்டியேடா!” எல்லாரும் சிரித்தார்கள். பசுபதி என்னை ஒரு தடவை பார்த்தான்.

“மறந்துட்டேன் பெரியவரே” என்றான்.

நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயில் கொழுக்கட்டை.

3-5-1983, செவ்வாய்

பிக்கப் இன்னும் கதவில்லாமல் நிற்கிறது. அவன் வரவில்லை.

6-5-1983, வெள்ளி

லயத்து வீடுகளில் அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்களாம், ‘கறுப்பு ஒயர்’. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் செயலாளர் பதவியைப் பிடுங்கப் போகிறார்களாம். இவர் சொன்னார்.

நன்றாக வேண்டும், அவன் திமிருக்கு.

திமிர் யாருக்கு? அவன் கேட்டானே. தொங்குதே என்று கேட்டானே. கேட்டவன் முட்டாள், கேட்காமல் எழுதியவள் மகா புத்திசாலி. விளக்கேற்றி உட்கார்ந்தேன். அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த லட்சணத்தில் விரதம் வேறு.

8-5-1983, ஞாயிறு

கூட்டத்துக்குப் போனேன்.

“பொம்பளைங்க பேசற எடமா இது?” என்றார் ஆண்டியப்பன்.

“ஒயர் கட்டற எடத்துல பேசினேன் பெரியவரே. அதனாலதான் இங்கயும் பேச வேண்டியிருக்கு.”

சீட்டைக் காட்டினேன். எழுதியது நான், விடச் சொன்னது நான், அவன் கேட்டபோது மட்டம் தட்டியதும் நான் என்றேன். பிறகு ஒருவன், “தானா வேலை செய்யுமாம் லா!” என்றான். கோயிலே அதிரச் சிரித்தார்கள். இந்தத் தடவை என்னைப் பார்த்து. இவரும் சிரித்தார். சிரிக்கட்டும்.

பதவி பசுபதியிடமே இருக்கிறது. அவன் சிரிக்கவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

9-5-1983, திங்கள்

சாயங்காலம் தம்பி வந்தார். வெள்ளைச் சட்டை இல்லை, பழைய பனியன். “பேட்டரி கழட்டியாச்சா அண்ணி?” என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பானரை எடுத்தார். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கதவை மாட்டி, விளக்குகளையும் அதில் பொருத்தினோம்.

கடைசியில் பேட்டரியைச் சேர்த்து, உள்ளே ஏறிப் பிரேக்கை மிதித்தார். நான் பின்னால் நின்றேன்.

“எரியுதா அண்ணி?”

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் குனிந்து பார்த்துவிட்டுப் பதில் சொன்னேன்.