கிருத்திகை அன்றும் மாத்திரை

அத்தை, இதை யாருக்கும் காட்டாதே. நீ இப்போது யாரோடு இருக்கிறாயோ, அவர்களுக்கும் வேண்டாம். அம்மாவுக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றே போடுவாள்.

வீடு முழுக்கச் சந்தன வாசனை. மலைக்கோயில் சந்தனத்தை வாங்கி வந்து அம்மா நைனாவின் வயிற்றில் பூசியிருக்கிறாள். உனக்கு மார்பில் வந்த புற்றுநோய் உன் தம்பிக்கு வயிற்றில் வந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் முனகுவது கேட்கிறது. சென்னை ஆஸ்பத்திரியில் கொடுத்த வலி மாத்திரை அரிசி டின்னுக்குள் கிடக்கிறது. அம்மாதான் ஒளித்துவைத்தாள். "உங்க அத்த இந்த மாத்திரைய துன்னப்புறம்தாண்டி போச்சு" என்கிறாள்.

உன் பக்கத்திலேயே இருந்தவள் நான். எனக்கு வேறு மாதிரி நினைவிருக்கிறது.

அந்த ஆடிக் கிருத்திகைக்கு நீ விரதம். "மாத்திரையும் துன்றதுதான?" என்று அதையும் தள்ளிவைத்துவிட்டாய். ஜன்னல் வழியே காவடி பார்க்க உனக்கு அவ்வளவு ஆசை. மதியத்துக்குள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சுருண்டுவிட்டாய். கூப்பிட்டபோது என் கையைப் பிடித்து நெரித்தாய்.

நல்லவேளை, அன்று நர்சம்மா வீட்டுக்கு வரும் நாள். அவர் உன்னைத் திட்டவில்லை. மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னாம்மா, முருகன் உன்னாண்ட வந்து மாத்திரைய வேணாம்னாரா?"

"விரதம் கெட்டுப்பூடாதுங்களா?"

"வலி வந்தப்புறம் அது பின்னாடி தொரத்திகினு ஓட முடியாதும்மா. வர்றதுக்கு முன்னாடியே நேரத்துக்குப் போடணும். இது நோய ஆத்தாது. உசுரையும் எடுக்காது. நீ நீயா இருக்கணும்ல, அதுக்குத்தான்."

சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து காவடி பார்த்தாய். ஒரு குண்டு மனிதர் ஆடிக்கொண்டே போனார். "தம்பி, உன்னமாரியே தொப்ப ஆடுது பாரு" என்று நைனாவைச் சீண்டினாய்.

"ஆங், கொழுப்பு வந்துடுச்சு. பொழச்சிக்குவக்கா நீ" என்றார் அவர்.

நீ பிழைக்கவில்லை. ஆனால் நேரத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நவராத்திரி வரை இருந்தாய். எனக்குத் தலை பின்னிவிட்டாய். புளிக்குழம்பில் உப்பு போதவில்லை என்று அம்மாவோடு சண்டை போட்டாய். பிறகு ஒரு நாள் தூக்கத்தில் போனாய். மாத்திரைதான் உன்னைக் கொண்டுபோயிற்று என்றால், அத்தனை நாள் சண்டை போட்டது யார்?

இதை அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. நான் சொல்லி மாத்திரை கொடுத்து, அதற்கப்புறம் நைனா போய்விட்டால் என்னால்தான் என்பார்கள். நாளைக்குக் கிருத்திகை வேறு. அவரும் விரதம் இருப்பேன் என்கிறார். நர்சம்மா வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் உன்னிடம் சொன்னது மட்டும் என்னிடம் இருக்கிறது. நைனாவும் நைனாவாக இருக்க வேண்டும், அத்தை.

கதவு தட்டுகிறது. அம்மா.

"தூங்கலியாடி? உங்க நைனாவால தாங்க முடியல. உங்க அத்த அந்த மாத்திரைய எப்டி எப்டி முழுங்கும்? கூடவே இருந்தவ நீதான. வந்து சொல்லு."

அத்தை, நான் போய்ச் சொல்கிறேன்.