பதினோராவது சிரிப்பு

என் அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், அத்தையும் சுகம்தான், ஆனால் உன்மேல் கொஞ்சம் கோபமாக இருக்கிறாள். அங்கே நீ காமெராவைத் துடைக்கிற அக்கறையில் பாதியாவது உன் உடம்பைக் கவனிக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வேண்டியதை இந்த மனிதர் ஏன் தபாலில் அனுப்புகிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நான் முக்கியமானதை விழுங்கிவிடுவேன். விழுங்கக் கூடாத சங்கதி இரண்டு இருக்கிறது, ஒன்று என் தப்பு, இன்னொன்று உன் தப்பு. என்னுடையதை முதலில் சொல்கிறேன், வயதில் மூத்தவன் அல்லவா.

போன வருடம் வந்தபோது மொட்டை மாடியில் துணி காயப்போட்ட அத்தையை எடுத்தாயே, கை நிறைய கிளிப், வாயில் ஒரு பல்கூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாளே, அந்தப் படம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். இருபத்தெட்டு வருடமாகப் பல் செட் கட்டுகிற நான் சொந்த அக்காவுக்கு மூன்று முறை அளவெடுத்துச் செய்ததைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவள் அப்படிச் சிரித்ததில் எனக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை. நான் பார்ப்பதற்கென்று நீ அனுப்பியதை முக்குக் கடையில் கொடுத்து, ஆள் உயரத்தில் பாதிக்குப் பிரிண்ட் போட்டு, அட்டையில் ஒட்டி, பட்டறையில் வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு மேலே மாட்டிவிட்டேன். உன்னிடம் மூச்சு விடவில்லை, அடுத்த தடவை வரும்போது நீ பார்த்து அசந்து போக வேண்டும் என்று ஆசை. எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு அழுத முகத்தோடு வருகிறவர்கள்கூட அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் என்னிடம் வாயைத் திறந்தார்கள். ஒருவர் மட்டும், இது பல் கட்டுவதற்கு முன்னால் எடுத்தது சரி, கட்டிய பிறகு எடுத்தது எங்கே என்று தேடினார்.

அப்புறம்தான் இங்கே கேலரியில் உன் படங்களை மாட்டினார்கள். நானும் அம்மாவும் திறப்பு நாளுக்குப் போய் மூலையில் நின்றுவிட்டு வந்ததை எழுதியிருந்தேன், ஆனால் நான் கேலரிக்காரம்மாவிடம் வாயைக் கொடுத்ததை எழுதவில்லை. அத்தை படம் மொத்தம் பத்தே பிரதி, ஓரத்தில் பென்சிலால் நம்பரும் உன் கையெழுத்தும், முதல் மூன்றுக்கு ஒரு விலை, அடுத்த மூன்றுக்கு ஒன்றரை மடங்கு, கடைசி நான்குக்கு இரண்டு மடங்கு என்றார். பஸ்ஸில் இடம் குறையக் குறைய டிக்கெட் விலையை ஏற்றுவீர்களா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளாமல், "சார், பத்துக்கு மேல வராதுன்னு உங்க பொண்ணு வாக்கு குடுத்திருக்காங்க. விலை அந்த வாக்குக்குத்தான், பேப்பருக்கு இல்ல" என்றார். விற்றதில் பாதி அவருக்கு என்றதும் எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது, பிறகு அந்த வாடகையையும் விளக்குகளையும், நாள் முழுக்க நின்றபடி என்னைப் போன்ற ஆட்களுக்கு அவர் பதில் சொல்வதையும் பார்த்து அடங்கிவிட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவனுக்கு என் பட்டறைச் சுவர் மட்டும் ஞாபகம் வரவில்லை. நான் செய்கிற எதையும் இன்னொரு வாயில் மாட்ட முடியாது, என் தொழிலில் பிரதி என்ற பேச்சே கிடையாது, அதனால் மண்டையில் ஏறவில்லை என்று வைத்துக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு கணக்கு டீச்சர் வந்தார், ஓய்வு பெற்றவர், கீழ்செட்டில் விரிசல். பெஞ்சில் உட்காரப் போனவர் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். உன் நாலாம் நம்பரை வாங்கியவர் அவர்தான், விலை ஏறிய பிறகு வாங்கியவர். தனியாக இருக்கிற வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறாராம். நான் அசட்டுத்தனமாக, இது சும்மா சுவருக்கு டீச்சர், விற்பனைக்கு இல்லை என்றேன். "விக்கிறீங்களான்னு நான் கேக்கலையே சார். பத்துன்னு சொன்னாங்க. இது பதினொண்ணு" என்றார். சத்தம் போடவில்லை, செட்டைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. உன் பேரை நானே கெடுத்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் டீச்சர் போய்ச் சொல்வதற்குள் நானே கேலரிக்குப் போய் ஒப்புக்கொண்டேன். டீச்சர் கேட்டால் பணத்தைத் திருப்பித் தருகிறேன், ஆனால் பதினோராவது இருக்கவே கூடாது என்றார் கேலரிக்காரம்மா. நான் படத்தைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கே போனேன். அவர் கண் முன்னால் கிழிக்கலாம் என்று பார்த்தால் அட்டை அசைந்து கொடுக்கவில்லை, நல்லவேளை பையில் பல் அச்சின் பிளாஸ்டரை அறுக்கும் ரம்பம் இருந்தது. வாசலில் குந்தி உட்கார்ந்து அறுத்தேன். அக்கா முகத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது, டீச்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், கண்ணை மூடிக்கொண்டு அறுத்து முடித்தேன். அவர் துண்டுகளைப் பார்த்து, "இப்போ சரியா பத்து" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கைக்குட்டையோடு வந்து செட்டை என் கையில் கொடுத்தார். பணம் திரும்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். என் தப்பு இதோடு முடிந்தது.

இனி உன்னுடையது. கேலரியில் ஒரு படிவத்தைக் காட்டினார்கள், படத்தில் இருப்பவரின் சம்மதம் உண்டு என்ற இடத்தில் உன் கையால் டிக் அடித்திருந்தது. நீ கேட்டிருக்க மாட்டாய் என்று எனக்கு அப்போதே தெரியும், ஆனால் உன் அப்பனாயிற்றே, வாயை மூடிக்கொண்டேன். டீச்சர் வீட்டிலிருந்து நேராக அத்தையிடம் போனேன். கேலரியில் அவள் படம் இருக்கிறது என்று நாங்கள் சொன்னபோது, பல்லோடு இருக்கிற படமாக்கும் என்று அவள் இத்தனை நாளும் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். பட்டறைப் படியும் முட்டிவலியால் ஏறுவதில்லை, ஆக அதையும் பார்க்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும், "பல்லில்லாம என்னை ஊருக்கெல்லாம் வித்துட்டாளா? நீயும் மாட்டி வெச்சியா?" என்று இரண்டு பேரையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தாள். மறுநாள் காலையில் நல்ல சேலை கட்டி, பல்லை மாட்டிக்கொண்டு, அழைத்துப் போ என்று வாசலில் நின்றாள்.

அங்கே ஒருவருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. படத்தின் முன்னால் வெகுநேரம் நின்று, விலை கேட்டு, இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டு, கடைசியில், "இது நான்தாம்மா. என்னை யாரும் கேக்கல" என்றாள். கேலரிக்காரம்மா படத்தைக் கழற்றி, விற்காத மற்ற ஐந்தோடு உள்ளே வைத்துவிட்டார். அத்தை கையெழுத்துப் போட்டால்தான் இனி விற்பனை. திரும்பும்போது பஸ்ஸில், "கேட்டிருந்தா பல்லை மாட்டிக்கிட்டு வந்து நின்னிருப்பேன்டா, இந்தப் படம் அவளுக்குக் கிடைச்சிருக்காது. ஆனாலும் எடுத்த பிறகாவது கேட்டிருக்கணும் இல்ல?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கேன், என்ன?" என்று கேட்டாள். ஆமாக்கா என்றேன்.

அதனால் நீ அவளைக் கூப்பிடு. விலையைப் பற்றிப் பேசாதே, கேலரியைப் பற்றிப் பேசாதே, எடுத்தது நான், கேட்காதது தப்பு என்று மட்டும் சொல்லு. பத்து நிமிடம் முடியாது என்பாள், போனை வைத்துவிடாதே. மாட்டேன் என்றே முடித்தாலும் மல்லுக்கட்டாதே, ஆறும் பெட்டியில் இருக்கட்டும், முகம் அவளுடையது. இன்னொன்று, பத்துக் கணக்கில் சேராத, விற்கக் கூடாத பிரதி இரண்டு எடுத்தவள் என்ற முறையில் உனக்கென்று உண்டாமே, கேலரிக்காரம்மா சொன்னார். பட்டறையில் என் ஆணி காலியாக இருக்கிறது, அந்த அம்மா எங்கே என்று தினம் யாராவது கேட்கிறார்கள், ஒன்றை வாங்கி மாட்டலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. எனக்கு வேண்டாம். ஒன்றை அவளுக்கு அனுப்பு, ஓரத்தில் அவள் பெயரை எழுதி அனுப்பு.

அம்மா உனக்கு ஆயிரம் முத்தம் சொல்லச் சொன்னாள். நல்ல கண்ணும் நல்ல கையும் உனக்கு என்றைக்கும் வாய்க்கட்டும், நீ எடுக்கிற முகங்கள் எல்லாம் உன்னை வாழ்த்தட்டும். மறக்காமல் காலை எட்டு மணிக்கு மேல் கூப்பிடு. அதற்கு முன்னால் அடித்தால் எடுக்க மாட்டாள், பல்லை மாட்டிக்கொண்டுதான் உன்னோடு பேசுவாளாம்.

இப்படிக்கு,
ரம்பத்தோடு டீச்சர் வீட்டு வாசலில் உட்கார்ந்த உன் அப்பா